கிட்டங்கியில் நாறும் சீஸ் குறித்து அத்தானுக்கு

போடி,
புதன்கிழமை காலை.

கர்த்தருடைய கிருபையால் மதுரையில் நலமே இருந்துவரும் அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் விஜய்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் எப்சிபாவும் மகள் பிரின்சியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கமாயிற்றே என்றுதான் எழுதியிருக்கிறேன், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அக்காவின் முழங்கால் தேவலையா? புதுத் தைலம் பிடித்திருக்கிறதா? மாட்டு டாக்டராக ரிட்டயர் ஆன பிறகும் உங்களைத் தேடி ஆட்கள் வருவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். நானும் அப்படித்தான் இப்போது தேடி வருகிறேன்.

இந்தக் காலத்தில் மைத்துனன் கடிதம் எழுதுகிறானே, சொத்து விஷயமோ என்று பயப்பட வேண்டாம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை அக்காதான் எடுப்பாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவாள், பேச்சின் நடுவே நான் அழுதுவிட்டால் உங்கள் அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கும். விஷயம் இதுதான். பிரின்சியின் சீஸ் என்னுடைய ஏலக்காய்க் கிட்டங்கியை விட்டு வெளியே போக வேண்டும். அது போகவில்லையென்றால் அப்பா காலத்திலிருந்து போடி பஜாரில் நமக்கு இருக்கிற பேர் போய்விடும், ஏற்கெனவே பாதி போய்விட்டது. நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். நீங்கள் வந்து நல்ல வார்த்தை சொல்லி அவளைத் திரும்பவும் பெங்களூர் வேலைக்கே அனுப்பிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

பிஸ்கட் கம்பெனி லேபில் நல்ல வேலை, ஏ.சி. அறை, சனி ஞாயிறு லீவு. அதை விட்டுவிட்டு வெளிநாட்டில் எங்கோ ஒரு மலைக்கிராமத்துப் பண்ணை வீட்டில் போய்த் தங்கிச் சீஸ் செய்யக் கற்றுக்கொண்டு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்கே பாலைக் காய்ச்சவே மாட்டார்களாம். கறந்த சூட்டோடு உறைய வைத்துவிடுவார்களாம். அப்படிச் செய்தால் மாடு எந்தப் புல்லைத் தின்றதோ அந்தப் புல்லின் ருசி சீஸில் தெரியுமாம். நம் போடி பஸ் ஸ்டாண்டில் மாடு சினிமா போஸ்டர் தின்னுமே, அதுவும் தெரியுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் மலைமாடு வேண்டும் என்று கிளம்பினாள். மலைமாட்டை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டில் மேய்ந்துவிட்டு வரும், எருவுக்காக வயலில் கிடை போடுவார்கள், மற்றபடி அதைக் கறந்து குடித்தவன் இந்தச் சீமையில் கிடையாது. தேவாரம் பக்கம் கிடை போட்டிருந்த ஒச்சாண்டியிடம் போய்ப் பால் கேட்டிருக்கிறாள். அவர், "கறக்கவா? இதுக கன்னுக்கே அளந்துதான் குடுக்கும் தாயி" என்றாராம். இவள் விடவில்லை. விடிந்ததும் ஸ்கூட்டரில் போய், கன்று குடித்தது போக ஒரு மாட்டிடம் அரைச் செம்பு, இன்னொன்றிடம் கால் செம்பு என்று கெஞ்சிக் கேட்டு ஒரு கேனை நிரப்பிக்கொண்டு வருவாள். அதில் ஒரு மாடு ஸ்கூட்டரை முட்டி நெளித்தது. மாடு முட்டியது என்று சொன்னால் மெக்கானிக் நம்பவில்லை, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த மாடுகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் நொடி இல்லை, காய்ச்சாமலே செய்யலாம் என்று சொன்னது நீங்கள். இதில் அத்தானுக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை, எப்சிபாதான் சொல்கிறாள்.

எப்சிபா சொல்லத்தான் செய்வாள், ஏனென்றால் முதல் அடி வாங்கியது அவள்தான். நம் வீட்டில் பால் வாசலுக்குள் வந்தால் நேரே அடுப்புக்குப் போகும். எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியங்களில் ஜெபத்துக்கு அடுத்தது பால் காய்ச்சுவது. முதல் நாள் பிரின்சி கேனைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் பால் ஏடு கட்டிக் கிடக்கிறது. "பொங்கிறக் கூடாதேன்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டேன்" என்று எப்சிபா பெருமையாகச் சொன்னாள். பிரின்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, காச்சுனா அதுல உள்ள உசுரெல்லாம் செத்துரும்மா."

"சாகத்தானடி காச்சுறது?"

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது, அதை வாய்விட்டுச் சொல்லி இரண்டு பேருக்கும் ஆகாதவனானேன். அந்தப் பாலில் எப்சிபா சேமியாப் பாயசம் வைத்தாள். அருமையாக இருந்தது. அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

காய்ச்சாத பால் வீட்டுக்குள் இருந்தால் தனக்குத் தூக்கம் வராது என்று எப்சிபா அறுத்துச் சொல்லிவிட்டதால் பிரின்சி அண்டா குண்டாவோடு கிட்டங்கிக்குக் குடிபோனாள். ஏலக்காய்த் தூசிக்குத் தும்மல் வரும் என்பதால் எப்சிபா அந்தப் பக்கம் வரமாட்டாள். போதாததற்கு, தடித்த சுவரும் ஜன்னல் இல்லாத இருட்டுமாக இந்த வெயில் ஊரில் குளுகுளுவென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். குளிர்தான் வேண்டுமென்றால் மேகமலையில் போய்ச் செய்யேன் என்று சொல்லிப் பார்த்தேன். சின்னமனூரிலிருந்து மேலே போகிற ரோட்டில் பாலை ஏற்றினால் போய்ச் சேரும்போது வெண்ணெயாகத்தான் இருக்கும் என்றாள், அதுவும் வாஸ்தவம். ஆனால் அத்தான், ஏலக்காய்க்கு ஈரம் ஆகாது, சீஸுக்கு ஈரம் இல்லாவிட்டால் ஆகாது, வெடித்துப்போகுமாம். ஒரே கிட்டங்கியில் நடுவில் தார்ப்பாயைக் கட்டி, இந்தப் பக்கம் நான் சுவரைத் துடைத்துத் துடைத்துக் காய வைக்கிறேன், அந்தப் பக்கம் அவள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள். தகப்பனும் மகளும் இப்படித் தொழில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்கிற விதத்தில் குறை சொல்ல மாட்டேன், பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பால் கறந்த சூடு ஆறுவதற்குள் முந்தின நாள் வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றுவாள், பிறகு உறை மருந்து. முட்டுச் சுவர்போல அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். உறைந்ததும் நீளக் கத்தியால் கோடு கோடாகக் கீறி, மொச்சைப் பயறு அளவுக்குத் துண்டாக்கி, கையை உள்ளே விட்டு மெதுவாகக் கிண்டுவாள், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி. பிறகு துணியில் அள்ளி அச்சில் போட்டு, மேலே என் கடை எடைக்கற்களை அடுக்கி, தண்ணீர் வடிய விட்டு, உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையில் வரிசையாக வைப்பாள். அதற்கப்புறம் மாசக்கணக்கில் தினமும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். விற்பது எப்போது என்று கேட்டால், "அது எப்ப ரெடின்னு அதுதான்ப்பா சொல்லும்" என்பாள். பேசுகிற சரக்கை வைத்து வியாபாரம் செய்து எனக்குப் பழக்கமில்லை.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஒருநாள் ஒச்சாண்டி, தன் மாட்டுப் பால் என்னவாகிறது என்று பார்க்கக் கிட்டங்கிக்கு வந்தார். பிரின்சி இல்லை, நான் இருந்தேன். "எதப் போட்டு உறைய வைக்கிறாக மொதலாளி?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கிற குணம் எனக்கு இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. அந்தக் காலத்திலிருந்து வெளிநாட்டில் பால்குடி மறக்காத கன்றின் வயிற்றுச் சவ்வைக் காயவைத்து அதைத்தான் போடுவார்கள் என்று விளக்கமாக எடுத்துரைத்தேன். பிரின்சி போடுவது அது இல்லை, கன்றும் இல்லை மாடும் இல்லை, காளானிலிருந்து எடுக்கிற மருந்து என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வதாக இருந்தேன். ஆனால் முதல் வாக்கியத்திலேயே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். "நான் கன்னுக்குப் பங்கு வச்சிட்டுத்தான் பால் குடுத்தேன் மொதலாளி. நீங்க கன்னையே பங்கு வைக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் மறுநாள் காலையில் கிடையையே கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிரின்சி அவரைத் தேடி அனுமந்தன்பட்டி, சின்னமனூர் என்று ஊர் ஊராக அலைந்தாள். கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் கண்டுபிடித்து, மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியும் அவர் நம்பவில்லை. பக்கத்து மாரியம்மன் கோயில் வாசலில் வந்து சத்தியம் செய் என்றாராம். செய்துவிட்டு வந்திருக்கிறாள், அதன் பிறகுதான் அவர் மறுபடி பால் கொடுக்கச் சம்மதித்தார். இதை நம் சபையில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம், முக்கியமாக அக்காவிடம்.

அவள் அலைந்த நாட்களில் கிட்டங்கியில் நடந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. நம்மிடம் ஏலக்காய் தரம் பிரிக்க வருகிற பஞ்சம்மாள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்திருக்கிறாள். சீஸ் எல்லாம் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்து, எலிக்குஞ்சு மாதிரி மயிரோடு உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம், அது அவளுக்கு எப்படித் தெரியும்? "பாவம், பிள்ள ஊருல இல்லாத நேரத்துல பண்டம் கெட்டுப்போச்சேன்னு மனசு கேக்கல" என்று, உப்புத்தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு ஒவ்வொன்றையும் பளபளவென்று தேய்த்துவிட்டாள். பூசணம் திரும்ப எட்டிப் பார்க்கப் பார்க்க இவளும் விடாமல் தினமும் தேய்த்திருக்கிறாள். பிரின்சி வந்து பார்த்தபோது எல்லாச் சீஸும் செம்மஞ்சள் நிறமாகிப் பிசுபிசுத்துப்போய்க் கிடந்தது. நான் அவள் அழுவாள் என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவளோ பஞ்சம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். இப்படி உப்புத்தண்ணீரில் கழுவிக் கழுவிச் செய்கிற ஒரு வகையே இருக்கிறதாம், அது இன்னும் உசத்தியாம், விடாமல் கழுவு என்று சொல்லிவிட்டாள்.

உசத்தியோ என்னவோ, அத்தான், அன்றைக்குப் பிடித்தது அந்த நாற்றம். மழையில் நனைந்த ஷூவைக் கழற்றாமலே குரங்கணி மலை ஏறி இறங்கினவன் காலை நீங்கள் மோந்து பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துக் கடைக்காரர் எலி செத்துக் கிடக்கிறது என்று தன் கடை ஓட்டைப் பிரித்துப் பார்த்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு நானும் ஏணியில் ஏறி அவரோடு சேர்ந்து எலியைத் தேடினேன்.

அந்த வாரம்தான் சங்கரலிங்கம் சரக்குப் பார்க்க வந்தார். நம்மிடம் வருஷம் தவறாமல் வாங்கி மதுரைக் கடைகளுக்குப் போடுகிறவர். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த மூட்டையைப் பிரித்தார். அப்புறம், "அண்ணே, சரக்கு நல்ல சரக்குதான். வாசம்தான் வேற எதையோ பேசுது" என்றார். மூட்டை வாயைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "இதக் கொண்டுபோயி ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்துல போட்டாகன்னா, மாப்பிள்ள வீட்டுக்காரவுக இலையோட எந்திரிச்சிருவாகண்ணே" என்று சொல்லிவிட்டு, டீ வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லியும் கேளாமல் போய்விட்டார். சரக்கு எடுக்காததுகூட எனக்குப் பெரிதில்லை. அவர் டீ குடிக்காமல் போனதைப் பஜாரே பார்த்தது.

முதற்பலனைக் கர்த்தருக்குக் கொடுக்காததால்தான் இத்தனை சோதனையும் என்று எப்சிபா கண்டுபிடித்தாள். போன ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. என்னிடமும் கேட்காமல், பிரின்சியிடமும் கேட்காமல், பஞ்சம்மாளை விட்டு ஒரு சீஸை எடுத்துவரச் சொல்லி ரிப்பன் கட்டி, பலாப்பழத்துக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. அவரவர் காணிக்கையை அவரவர் சொந்தக்காரர்கள் போட்டி போட்டு ஏற்றிவிடுவது நம் பழக்கம், ஒரு கோழிக்கு ஆட்டு விலை போகும். இதன் முறை வந்ததும் ஏலம் விடுகிறவர் கையில் எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அடுத்து, விஜய்ராஜ் ஐயா வீட்டுக் காணிக்கை... ஒரு வட்டம்" என்றார். கேட்க ஆளில்லை. முன் வரிசைக்காரர்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாஸ்டர் ஐயா ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார், கூட்டியதில் அது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மானம் போகிறதே என்று நானே ஒரு விலை கேட்டேன். "ஒரு தரம்... அம்புட்டுத்தானா ஐயா?" என்றார். கர்த்தருடைய காணிக்கையைக் குறைந்த விலைக்கு எடுத்தேன் என்று பேராகக் கூடாதே, நானே ஏற்றினேன். "ரெண்டு தரம்" என்று என்னையே பார்த்தார். மறுபடியும் ஏற்றினேன். எதிர்த்துக் கேட்க ஒருவரும் இல்லாத ஏலத்தில் என்னை நானே தோற்கடித்து, என் மகள் செய்த சீஸை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். சபை கை தட்டியது. பெண்கள் பக்கத்தில் பிரின்சி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். "ஒன்னு ஏலக்கா, இல்லாட்டி ஒஞ் சீஸு. ரெண்டுல ஒன்னுதான் அங்கன இருக்கணும்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதே இல்லை. கிட்டங்கிக்குப் போகிறாள், துடைக்கிறாள், திருப்புகிறாள், வருகிறாள். சாப்பாட்டு மேஜையில், "ரசத்த அப்பாவுக்கு ஊத்துங்கம்மா" என்று எப்சிபா வழியாகத்தான் பேச்சு. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை, ஒரே தொழில். பிள்ளையும் பேசவில்லை, தொழிலும் படுத்துவிட்டது. இந்த வயசில் இதற்குமேல் தாங்க என்னால் ஆகாது, அத்தான்.

ஆகையால் எழுதியது முழுவதையும் மனதில் வைத்து, தாங்கள் இந்த வாரத்துக்குள் வந்து, பிரின்சிக்குப் புத்தி சொல்லிப் பெங்களூருக்கு அனுப்பிவைத்து, என் கிட்டங்கியை எனக்கு மீட்டுத் தர வேண்டும். அக்காவுக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, முழங்காலுக்குப் பெலன் தருவாராக. கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குக் கையில் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஞா. விஜய்ராஜ்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பிரின்சி எதிரில் வந்து நின்றாள். "அப்பா, நான் பெங்களூருக்கே போறேன். ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். சீஸ எருக்குழியில போட்டுரச் சொல்லி ஒச்சாண்டியண்ணன வரச் சொல்லியிருக்கேன், மத்தியானம் வருவாக" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். எதை வேண்டி இத்தனை பக்கம் எழுதினேனோ அது கூரியர் செலவுகூட இல்லாமல் கிடைத்துவிட்டது.

அவள் பஜாருக்குப் போன பிறகு கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். தகப்பன் மனம் இளகி ருசி பிரமாதம் என்று எழுதப்போகிறான் என்று நினைக்காதீர்கள், எனக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. ஆனால் மத்தியானம் எருக்குழிக்குப் போகப்போகிறது என்று தெரிந்தும், இன்றைக்குக் காலையிலும் எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பி வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒச்சாண்டி வந்தார், டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். லோடுமேன்களைக் கூப்பிட்டு ஏலக்காய் மூட்டை எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். சோபா மேல் மூட்டை, கட்டில் மேல் மூட்டை. எப்சிபா சமையலறையில் தும்மிக்கொண்டிருக்கிறாள்.

எனவே மேலே எழுதியதை எழுதவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். வந்து, அவளைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவள் இன்னும் வீடு திரும்பவில்லை. மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டால், கிட்டங்கியில் எலி வந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தேன். "எலின்னா ஏலக்காய விட்டுட்டு மொதல்ல சீஸத்தான திங்கும், வேற பொய் யோசிங்க" என்கிறாள் எப்சிபா. யோசித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தோன்றாவிட்டால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அத்தான். அது எனக்குச் சொல்ல வராது. அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.